லாபம் கொட்டும்போதும் ஆட்குறைப்பா?

கேள்வி: பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை நடத்தும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு சக்கைபோடு போட்ட நேரத்தில் அதன் ஊழியர்களை ஹாஸ்ப்ரோ வெளியேற்றியது ஏன்? - வாசகர், கோவை

பதில்: சம்பாதிக்கிற பிள்ளையின் தலையில்தான் குடும்பக் கடன் விழும். ஹாஸ்ப்ரோ அடிப்படையில் பொம்மைக் கம்பெனி. கொரோனா காலத்தில் வாங்கிக் குவித்த பெற்றோர், விலைவாசி ஏறியதும் கையை இறுக்கிக்கொண்டார்கள். பொம்மை விற்பனை படுத்தது. 2023 டிசம்பரில், சுமார் 1,100 பேருக்கு வேலை இல்லை என்று நிர்வாகம் அறிவித்தது. கிறிஸ்துமஸுக்கு இரண்டே வாரம். பொம்மைக் கம்பெனிக்கு நாள் பார்க்கச் சொல்லியா தர வேண்டும்!

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் ஹாஸ்ப்ரோவின் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் பிரிவு நல்ல லாபத்தில் இருந்தும் தப்பவில்லை. அதன் உரிமத்தில் உருவான 'பால்டர்ஸ் கேட் 3' கணினி விளையாட்டு, ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதை வாங்கிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அதை உருவாக்கிய லேரியன் நிறுவனத் தலைவர் ஸ்வென் வின்கே, விசார்ட்ஸுடன் நடந்த முதல் சந்திப்பில் தன்னுடன் பேசியவர்களில் ஏறக்குறைய யாருமே இப்போது அங்கே இல்லை என்று வருந்தினார். இத்தனைக்கும் 2024இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்குப் பொன்விழா. கேக் வெட்ட ஆள் இருந்திருப்பார்கள், கவலைப்படாதீர்கள்.