வாசகர் கேள்வி – பதில்: எஸ்கார்ட் கப்பல் மாலுமிகளின் நினைவுகள்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் வணிகக் கப்பல்களுக்குக் காவலாகச் சென்ற அமெரிக்க எஸ்கார்ட் கப்பல்களின் மாலுமிகள் எழுதிய நினைவுக் குறிப்புகளைப் படித்து வருகிறேன். சண்டையைப் பற்றிச் சில வரிகளோடு நிறுத்திக்கொண்டு, கப்பல் ஆடியதையும் தூக்கம் கெட்டதையும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே, ஏன்?

பதில்: அவர்கள் வாழ்ந்த நாட்கள் அப்படித்தான் கழிந்தன. 'டெஸ்ட்ராயர் எஸ்கார்ட்' எனப்பட்ட இந்தக் கப்பல்கள், நீர்மூழ்கிகளை எதிர்க்க அவசர அவசரமாகக் கட்டப்பட்டவை. அவற்றுள் 'கேனன்' வகையின் நீளம் 306 அடி. அகலமோ 37 அடிகூட இல்லை. அந்த ஒடுக்கமான உடலுக்குள் 200க்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக் கடலின் குளிர்காலப் புயலில் சென்றால் என்ன ஆகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். குழாய்ச் சட்டங்களில் கான்வாஸ் துணியை இழுத்துக் கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சங்கிலியில் தொங்கவிட்ட படுக்கைகளில், உருண்டு விழாதிருக்கச் சட்டத்தில் கையைக் கோத்துக்கொண்டே தூங்கினார்கள். நான்கு மணி நேரக் காவல் முறை, அதற்கிடையில் அன்றாட வேலைகள், விடியலிலும் அந்தியிலும் எல்லோரும் போர்நிலைக்கு ஓட வேண்டிய கட்டாயம் என்று போனால் தூக்கத்துக்கு எஞ்சியது சொற்பமே. இன்னொன்றையும் கவனியுங்கள்: எல்லாக் கப்பல்களும் சேதமின்றிக் கரை சேர்ந்தால் காவல் கப்பலுக்கு அதுவே முழு வெற்றி, ஆனால் அந்த வெற்றியில் கதையாகச் சொல்ல எதுவும் இருக்காது.

கேள்வி: ஒரே கப்பலைச் சேர்ந்த இருவர் ஒரே தாக்குதலை வெவ்வேறாக விவரிக்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: அந்த நேரத்தில் அவரவர் எங்கே நின்றார் என்று முதலில் பாருங்கள். நீர்மூழ்கியைத் தாக்கக் கடலில் போடும் ஆழ்நீர்க் குண்டு, குறித்து வைத்த ஆழத்தை அடைந்ததும் இலக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெடித்துவிடும்; நீர்மட்டத்துக்குக் கீழே எந்திர அறையில் இருந்தவருக்குக் கப்பலே உதறுவது தெரியும், ஆதலால் எதிரி ஒழிந்தான் என்றே எண்ணியிருப்பார். அதே வெடிப்பு, ஒலியைக் கொண்டு நீருக்கடியில் இலக்கைத் தேடும் சோனார் கருவியின் முன் அமர்ந்தவருக்குக் காதை அடைக்கும் இரைச்சல். கலங்கிய நீரில் இலக்கைத் தொலைத்துவிட்டோமே என்ற எரிச்சல்தான் அவர் நினைவில் நிற்கும். கப்பலின் முன்புறமாக 24 குண்டுகளை ஒரே வீச்சில் எறிந்த 'ஹெட்ஜ்ஹாக்' என்ற ஆயுதம் இதற்கு நேர் எதிரானது. எதன்மீதேனும் மோதினால்தான் அக்குண்டுகள் வெடிக்கும். சத்தம் இல்லையென்றால் குறி தவறியது என்று பொருள். 1944 மே மாதத்தில் 'இங்கிலாந்து' என்ற அமெரிக்க எஸ்கார்ட் கப்பல் 12 நாட்களில் ஆறு ஜப்பானிய நீர்மூழ்கிகளை மூழ்கடித்தது இந்த ஆயுதத்தால்தான்.

ஆகவே முரண்பாடு இருந்தால் இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்றாகிவிடாது. நாள், நேரம், இடம் ஆகியவற்றுக்குக் கப்பலின் பதிவேட்டையும் தாக்குதல் அறிக்கையையும் பாருங்கள்; தன் பணியிடத்தில் கண்டதையும் கேட்டதையும் ஒருவர் சொன்னால் அவரை நம்புங்கள். பல ஆண்டுகள் ஒன்றுகூடல்களில் பேசிப் பேசி, எல்லோரும் ஒரே சொற்களில் சொல்லும் கதையைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன்.

1944 அக்டோபர் 25 அன்று பிலிப்பைன்ஸின் சமார் தீவுக்கு அப்பால், தன்னைவிடப் பன்மடங்கு பெரிய ஜப்பானியப் போர்க்கப்பல்களை எதிர்த்து மூழ்கிய 'சாமுவேல் பி. ராபர்ட்ஸ்' என்ற எஸ்கார்ட் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். பின்புறப் பீரங்கியின் தலைவர் பால் ஹென்றி கார், தன்னிடமிருந்த குண்டுகளை ஏறத்தாழ முழுவதுமாகச் சுட்டுத் தீர்த்த நிலையில் பீரங்கி வெடித்துப் படுகாயமடைந்தார். கடைசிக் குண்டைக் கையில் ஏந்தியபடி, அதை ஏற்ற உதவுமாறு கேட்டுக்கொண்டிருந்தவரைச் சகமாலுமிகள் கண்டார்கள். அந்தக் காட்சி, பீரங்கி மேடைக்குள் நுழைந்தவர்களால்தான் நமக்குக் கிடைத்தது. தப்பிய ஏறத்தாழ 120 பேருக்கும் பொதுவாக வாய்த்தது, அதன்பின் இரண்டு நாட்களுக்கும் மேலாகக் கடலில் மிதந்த கொடுமை.

கேள்வி: கறுப்பின மாலுமிகளின் நினைவுகள் உண்டா?

பதில்: உண்டு, 'மேசன்' என்ற எஸ்கார்ட் கப்பலைப் பற்றித் தேடுங்கள். கடற்படையில் நிறப்பாகுபாடு நிலவிய காலத்தில், சமையல், பரிமாறல் வேலைகளுக்கு அப்பாலும் கறுப்பினத்தவர் பணியாற்றிய கப்பல் அது. 1944 அக்டோபரில் கடும் புயலில் மேல்தளம் விரிசல் விட்டபோதும், அவர்கள் அதைச் சீர்செய்துகொண்டு, பின்தங்கிய சிறு கலங்களுக்குத் துணையாக மீண்டும் கடலுக்குச் சென்றார்கள். கப்பலின் தலைவர் அப்போதே பாராட்டுக்குப் பரிந்துரைத்தும், பாராட்டுக் கடிதம் வந்தது 1994இல். அவர்களுடைய பேச்சில் புயலைவிட இந்த ஐம்பதாண்டுத் தாமதம் அதிக இடம் பிடித்திருந்தால் அதில் வியப்பில்லை.

கேள்வி: அத்தகைய கப்பலை இன்று பார்க்க முடியுமா?

பதில்: நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில், ஹட்சன் ஆற்றில் 'ஸ்லேட்டர்' நிற்கிறது. போருக்குப் பின் கிரேக்கக் கடற்படையில் பணியாற்றி, 1993இல் அமெரிக்கா திரும்பிய இக்கப்பலை, முன்னாள் எஸ்கார்ட் மாலுமிகள் பலர் தன்னார்வலர்களாக வந்து செப்பனிட்டார்கள். பீரங்கிகளோடு நின்றுவிடாமல், கீழே படுக்கை அறைக்கும் இறங்கிப் பாருங்கள். நீங்கள் படித்த பக்கங்கள் விளங்கும். குளிர்காலத்தில் பார்வையாளர்களுக்கு அனுமதி கிடையாது.