அடுத்தடுத்து இருக்கும் செல்கள் ஹார்மோன் இல்லாமல் நேரடியாகப் பேசிக்கொள்ள முடியுமா?

முடியும். பல விலங்குச் செல்களின் சவ்வுகளில் பக்கத்துச் செல்லுக்குள் நேராகத் திறக்கும் நுண்ணிய குழாய்கள் உண்டு. இவை கூட்டமாக அமைந்த இடத்தை இடைவெளிச் சந்தி என்பார்கள்.

கட்டமைப்பு மிக அழகானது. கனெக்சின் என்ற புரதத்தின் 6 மூலக்கூறுகள் வட்டமாக நின்று, நடுவில் துளையுள்ள அரைக்குழாய் ஒன்றை உருவாக்குகின்றன. எதிர்ச்செல்லிலும் இதே போல ஒன்று. இரண்டும் முனையோடு முனை பொருந்தினால் முழுப் பாதை தயார். அயனிகள் (மின்னேற்றம் கொண்ட துகள்கள்), குளுக்கோஸ், செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி போன்ற சிறு மூலக்கூறுகள் இதில் கடக்கும். ஏறத்தாழ 1,000 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேற்பட்டவை, அதாவது புரதங்களும் டிஎன்ஏவும், பொதுவாக நுழைய முடியாது.

இதயத்தைப் பாருங்கள். ஒரு தசைச்செல்லில் மின்தூண்டல் எழுந்ததும் அயனிகள் இக்குழாய்கள் வழியே அடுத்த செல்லுக்குப் பாய்ந்து அதையும் தூண்டுகின்றன. கோடிக்கணக்கான செல்கள் ஒரே துடிப்பாகச் சுருங்குவது இதனால்தான். நடுவில் ஒரு வேதித் தூதுவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

என்னை மிகவும் வியக்கவைப்பது இதன் கதவு. ஒரு செல் காயம்பட்டால் வெளியிலுள்ள கால்சியம் உள்ளே பெருகும். உடனே குழாய்கள் மூடிக்கொள்ளும். சேதம் அண்டைச் செல்லுக்குப் பரவாது.

கனெக்சின் வகைகளுள் ஒன்றான கனெக்சின் 26 புரதத்துக்கான மரபணுவில் பிழை நேர்ந்தால் பிறவியிலேயே காது கேளாமை வரலாம். பரம்பரைக் காது கேளாமைக்கு முக்கியக் காரணங்களுள் இதுவும் ஒன்று.

தாவரங்களில் செல்சுவரைத் துளைத்துச் செல்லும் பிளாஸ்மோடெஸ்மா இதே வேலையைச் செய்கிறது. ஆனால் அதன் அமைப்பு முற்றிலும் வேறு.