புள்ளலூர்ப் போர்: 1780-ஆ, 1781-ஆ?

பாடநூலில் 1780, புள்ளலூர்க் கல்லறைத் தூணில் 1781. மகளின் கட்டுரையில் எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரிதான். அங்கே இரண்டு போர்கள் நடந்தன.

1780 செப்டம்பர் 10 அன்று ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையை மைசூரின் ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் நொறுக்கினார்கள். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன, பெய்லி சிறைப்பட்டார். பக்கத்திலேயே காஞ்சிபுரத்தில் இருந்த கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோ (தாமஸ் மன்றோ அல்லர்) உதவிக்கு வந்து சேரவேயில்லை. பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். எனக்கு இன்றும் ஆறாத வியப்பு இது.

1781 ஆகஸ்ட் 27-இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் அதே இடத்தில் ஹைதரோடு மோதினார். அந்தத் தூண்கள் அன்று மாண்ட ஆங்கிலேய அதிகாரிகளுக்கானவை. கட்டுரை மைசூரின் வெற்றியைப் பற்றியது என்றால் 1780 என்றே எழுதச் சொல்லுங்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரோவியத்தில் பல்லக்கில் இருக்கும் பெய்லியையும் மகளுக்குக் காட்டுங்கள்.