கார் ஷெட் தரையில் ஆயில் கறை: ஆசிட் ஊற்றலாமா?

ஊற்றாதீங்க. நேத்து பிளீச்சிங் பவுடர் தூவியும் கறை போகலை, இன்னைக்கு ஆசிட் ஊற்றப் போறேன்னு எழுதியிருக்கீங்க. அது ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு கிளம்பும். ஷட்டர் போட்ட ஷெட்ல அது நுரையீரலைப் பதம் பார்த்துடும். முதல்ல ஷட்டரைத் திறந்து வெச்சு, நிறையத் தண்ணி விட்டு அந்தப் பவுடரைக் கழுவுங்க.

தவிர, ஆசிட் ஆயிலைக் கரைக்காது. சிமென்ட்டைத்தான் அரிக்கும். பொங்கி வர்ற நுரையைப் பார்த்து அழுக்கு போகுதுன்னு நினைச்சுடுவோம், கரையறது தரை.

எஞ்சின் ஆயில் சிமென்ட்டோட நுண்துளைகளுக்குள்ள இறங்கியிருக்கும். மேலாகத் தேய்ச்சா வராது.

1. தரை காய்ஞ்சதும் கறை மேல மரத்தூளைக் கனமாப் பரப்பி, ராத்திரி முழுக்க விடுங்க. காலையில கூட்டி அள்ளிக் குப்பையில போடுங்க, சாக்கடையில வேண்டாம்.

2. துணி சோப்புத்தூளை வெந்நீர்ல கூழா குழைச்சுப் பூசி, 20 நிமிஷம் கழிச்சு நைலான் பிரஷ்ஷால தேய்ங்க. கையுறை போட்டுக்கோங்க.

3. காய்ஞ்சதும் நாலு சொட்டுத் தண்ணி விடுங்க. முத்து முத்தா நின்னா உள்ள இன்னும் ஆயில் இருக்கு, மறுபடி செய்யணும். உறிஞ்சிக்கிட்டா போதும்.

இது வெறும் சிமென்ட் தரைக்குத்தான். பெயின்ட், எபாக்ஸி பூசின தரையில எப்பவுமே தண்ணி முத்தாத்தான் நிற்கும். ரொம்பப் பழைய கறைன்னா லேசான நிழல் மிஞ்சும், அதை விட்டுடுங்க.

ராத்திரி வண்டிக்கு அடியில ஒரு அட்டையை விரிச்சு வெச்சுப் பாருங்க. காலையில சொட்டு தெரிஞ்சா மெக்கானிக்கிட்ட காட்டணும்.