ஊழிய அழைப்பு இருக்கிறது, ஆனால் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

கேள்வி கேட்ட தங்கச்சி நர்சிங் முடித்திருக்கிறாள். வடக்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போக ஆண்டவர் தன்னை அழைக்கிறார் என்று நிச்சயமாகத் தெரிகிறதாம். ஆனால் ராத்திரி படுத்தால் பயம் வருகிறது, "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல்" என்கிற வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தும் போகவில்லை, அப்படியானால் அழைப்பே பொய்தானா என்று கேட்டிருக்கிறாள். அம்மா வேறு, ஒடிசாவில் குஷ்டரோகிகளுக்கு ஊழியம் செய்த மிஷனரி ஸ்டெயின்ஸ் ஐயாவை எரித்ததைச் சொல்லி அழுகிறார்களாம்.

எனக்குக் கிட்டத்தட்ட உன் வயதில் மகள் இருக்கிறாள், அதனால் நீ என்றே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நான் வேதாகமக் கல்லூரி வாசலை மிதித்தவள் இல்லை. முப்பது வருஷமாக நர்ஸ். ஜெபமும் உபவாசமும் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது சண்டைக்கு வருவார்கள்.

அந்த வசனத்தை முழுசாகப் படி. "பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்." கன்வென்ஷன் மேடைகளில் பலத்தைப் பற்றி ஒரு மணி நேரம் கத்துவார்கள். அன்புக்கு ஒரு பாட்டு. தெளிந்த புத்தியைப் பற்றி ஒரு பிரசங்கம் நான் கேட்டது கிடையாது. இந்த வசனம் யாருக்கு எழுதப்பட்டது? தீமோத்தேயுவுக்கு, பவுல் எழுதிய இரண்டாம் நிருபத்தில். அடிக்கடி வயிற்றுக்கோளாறு வந்த வாலிபன், அதற்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று முதல் நிருபத்தில் பவுல் வைத்தியமே சொல்லியிருக்கிறார். தைரியசாலிக்கு யாரும் பயப்படாதே என்று கடிதம் எழுதமாட்டார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஊர் பேர் சொல்லமாட்டேன், சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

1999. எனக்கு 26 வயது. தெற்கே ஒரு சின்ன டவுனில் மிஷன் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். எய்ட்ஸ் என்றால் அப்போது என்ன மாதிரி பயம் என்று உனக்குத் தெரியாது. 1986-ல் சென்னையில்தான் இந்தியாவிலேயே முதல்முதலாக அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். பதிமூன்று வருஷம் கழித்தும் எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த நோயாளிகள் கடைசி அறையில்தான், சாப்பாட்டுத் தட்டை ஆயாம்மா வாசலில் வைத்துக் காலால் உள்ளே தள்ளுவார்கள். நான் படித்தவள். எய்ட்ஸ் நோயாளிக்குப் போட்ட ஊசி ஆயிரம் பேருக்குக் குத்தினால் மூன்று பேருக்குத்தான் தொற்றும், தொடுவதால் தொற்றவே தொற்றாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். அப்படியும் ஒரு மாத்திரை கொடுக்க இரண்டு ஜோடி கிளவுஸ் போட்டுக்கொண்டு போனேன்.

அந்த அறையில் இருந்தவர் லாரி டிரைவர். முதல் நாள் எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு இளைத்திருந்தார். அவர்தான் என்னைக் கண்டுபிடித்தார். "டீச்சர் மவதான நீ?" என்றார். எங்கள் ஊர்க்காரர். எங்கள் சபை. அவர் மனைவி கோயிலில் எங்களுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருகிறவர். நான் கிளவுஸ் போட்ட கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு நிற்கிறேன். அவர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "அட்டையோட கட்டில்ல வச்சிட்டுப் போம்மா, நான் எடுத்துக்கிடுதேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். எனக்குச் சிரமம் வேண்டாமே என்று சொன்னார்.

மறுநாள் வெறுங்கையோடு கொடுத்தேன். இதில் தைரியம் ஒன்றும் இல்லை, வெட்கம்தான்.

பதினோரு நாள் இருந்தார். ஜூன் மாசம், காற்று ஊளையிடுகிற ஒரு ராத்திரி இறந்தார். விடியற்காலையில் ஆஸ்பத்திரி வேனில் உடம்பை ஊருக்குக் கொண்டுபோய் ஒப்படைக்க யாரும் முன்வரவில்லை, என் ஊர் என்பதால் என்னை அனுப்பினார்கள். ஒப்படைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதே வேனில் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

கோயில் வாசலில் கமிட்டி அண்ணாச்சிமார் எல்லோரும் நிற்கிறார்கள். விஷயம் எனக்கு முன்னாலேயே ஊருக்குப் போயிருந்தது, எப்படி என்று கேட்காதே, ஊர்தானே. கல்லறைத் தோட்டத்தில் வைக்கக்கூடாது என்கிறார்கள். பக்கத்தில் கிணறு இருக்கிறது, தண்ணீரில் இறங்கும். ஒருவர் எரித்துவிடுவோம் என்கிறார், ஒருவர் தெற்கே பனைவிளை ஓரத்தில் புதைப்போம் என்கிறார். ஐயர், அதாவது எங்கள் சபைப் பாதிரியார், புதிதாக மாறி வந்தவர், சின்ன வயசு, கமிட்டி என்ன சொல்கிறதோ அப்படி என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கமிட்டிச் செயலாளர் யார் தெரியுமா? என் அப்பா.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அதே வருஷம் ஜனவரியில்தான் ஒடிசாவில் மனோகர்பூர் கிராமத்தில் ஸ்டெயின்ஸ் ஐயாவையும், 10 வயதும் 6 வயதுமான இரண்டு பையன்களையும் ஜீப்புக்குள் தூங்கும்போது தீ வைத்துக் கொன்றார்கள். அவருக்காக எங்கள் சபையில் ஒரு ஞாயிறு முழுக்க அழுது ஜெபித்தோம். ஆஸ்திரேலியாவிலிருந்து 1965-ல் வந்து பாரிபதாவில் 34 வருஷம் குஷ்டரோகிகளோடு இருந்தாரே, அப்படி ஒரு ஆள் நம் சபையிலிருந்து எழும்பட்டும் என்று ஜெபித்த அதே அண்ணாச்சிதான் ஜூனில் பனைவிளை ஓரம் என்று கை காட்டினார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. உண்மையாகவே அழுதார், உண்மையாகவே பயந்தார்.

நான் என்ன செய்தேன்? கோயிலுக்குப் பின்னால் குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன். கழுவி முடித்து மறுபடியும் கழுவினேன். எனக்கு அப்போது ஒரு வரன் பேசி முடித்திருந்தது, மாப்பிள்ளையின் பெரியப்பா அந்தக் கூட்டத்தில் நிற்கிறார். எய்ட்ஸ்காரனைத் தொட்ட பெண் என்று ஆகிவிட்டால்? எனக்கு நோய் தொற்றுமோ என்கிற பயம் அந்த நேரத்தில் ஒரு துளிகூட இல்லை. பயமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவர்களைப் பற்றித்தான். நீயும் ராத்திரி எதை நினைத்துப் பயப்படுகிறாய் என்று ஒரு பேப்பரில் எழுதிப் பாரேன். காடு, நக்சல், மலேரியா என்று எழுதுவாய். கடைசியில் "திரும்பி வந்துவிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று ஒரு வரி வரும். அந்த வரிதான் உன்னைத் தூங்கவிடாமல் செய்கிறது என்பது என் சந்தேகம்.

அப்புறம் எப்படியோ முன்னால் வந்தேன். அவருக்கு என்ன நோய் என்று நான் சொல்லக்கூடாது, ஆனால் பெட்டியில் வைத்து ஆறடியில் புதைத்தால் அந்தக் கிணற்றுக்கு எதுவும் வராது என்றேன். குரல் நடுங்கியது. "நீ என்ன டாக்டருக்கா படிச்ச?" என்றார் ஒருவர். அப்பா தரையைப் பார்த்தார். என் அறிவியல், என் வசனம், ஒன்றும் எடுபடவில்லை.

காரியத்தை முடித்தது மணியடிக்கிற தாத்தா. வீட்டார் ராத்திரியே சொல்லிவிட்டதால், கமிட்டி கூடுவதற்கு முன்னாலேயே அவர் குழி வெட்டி முடித்திருந்தார். மண்வெட்டியோடு வந்து நின்று, "வெட்டுன குழிய வெறுமனே மூடப்படாது. வேற ஆளைக் கேக்கும். யாரு வாரிய?" என்றார்.

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. வேதத்தில் இல்லாத நம்பிக்கைதான், அது எனக்கும் தெரியும், தாத்தாவுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார்.

பெட்டியை இறக்க நாலு பேர் வேண்டும். தாத்தா, இறந்தவரின் தம்பி, வேன் டிரைவர். நாலாவது ஆள் இல்லை. எங்கள் பக்கம் பொம்பளைகள் கயிறு பிடிக்கிற வழக்கம் கிடையாது. என் பையில் கிளவுஸ் இருந்தது. மூடிய பெட்டிக்கு அது தேவையில்லை, ஆனால் நார்க் கயிறு கையை அறுக்குமே என்று எடுக்கப் போனேன், அப்புறம்தான் உறைத்தது: நர்ஸே கிளவுஸ் போட்டால் ஊர் என்ன நினைக்கும்? போடாமல் பிடித்தேன். பாதியில் கயிறு வழுக்கி உள்ளங்கை உரிந்துவிட்டது. ஐயர் அடக்க ஆராதனையை வாசித்தார், அதை மறைக்கக்கூடாது, ஆனால் ரொம்ப வேகமாக வாசித்தார்.

வரன் போய்விட்டது. "ஜாதகம் பார்க்காத ஆட்கள் நாங்கள், ஆனாலும் மனசு ஒப்பவில்லை" என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்குக் கல்யாணம் ஆனது 31 வயதில். அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "கொசு கடிச்சா அது பரவுமா?" என்று கேட்டார். பரவாது என்றேன். "ம்" என்றார்.

அந்த டிரைவர் அண்ணனை நினைக்கும்போது ஒன்று மட்டும் ஆறவே ஆறாது. 2004 ஏப்ரலில் தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி மாதிரி இடங்களில் அரசாங்கமே எய்ட்ஸுக்கான கூட்டு மாத்திரையை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. ஐந்து வருஷம் தாக்குப்பிடித்திருந்தால் இன்றைக்கும் லாரி ஓட்டிக்கொண்டிருப்பார்.

2020 ஏப்ரலில் சென்னையில் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தபோது என்ன நடந்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இங்கே புதைக்கக்கூடாது என்று ஆம்புலன்ஸைக் கல்லெறிந்து விரட்டினார்கள், டிரைவருக்கு மண்டை உடைந்தது, கடைசியில் வேலங்காடு கல்லறைத் தோட்டத்தில் அவருடைய நண்பரான டாக்டர் ஒருவர் தன் கையாலேயே மண் தள்ளி மூடினார். அதை டிவியில் பார்த்த ராத்திரி நான் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தழும்பு ஒன்றும் இல்லை, எப்போதோ மறைந்துவிட்டது.

இப்போது கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், மன்னித்துக்கொள். அழைப்பு, சேவை, தியாகம் என்கிற வார்த்தைகளை வைத்து நர்சுகளின் சம்பளத்தைக் குறைக்கிறார்களே, அதை எவன் கேட்கிறான்? நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் பாண்டு, அதாவது இத்தனை வருஷம் வேலையை விடமாட்டேன் என்கிற ஒப்பந்தம், என்று சொல்லி என் சர்டிபிகேட்டை இரண்டு வருஷம் பூட்டி வைத்தார்கள். கேட்டால், உனக்கு விசுவாசம் குறைவு என்றார் நிர்வாகி. அவர் பையன் படித்தது வெளிநாட்டில். மிஷன் ஆஸ்பத்திரிகள் இல்லாவிட்டால் நம் பாட்டிமார் பிரசவத்தில் செத்திருப்பார்கள், எனக்கு அது தெரியும், இருந்தாலும் இது அநியாயம்தான். கை தூக்கச் சொல்லிக் கூட்டத்தில் ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்க வைக்கிறவர்கள், அந்தப் பிள்ளைகள் போன இடத்தில் பி.எஃப். பிடிக்கிறார்களா என்று ஒரு தடவையாவது விசாரித்தது உண்டா?

ஆகவே போ. பயம் போகட்டும் என்று காத்திருக்காதே, எனக்கு முப்பது வருஷத்தில் போகவில்லை. ஆனால் தெளிந்த புத்தியோடு போ. நியமன உத்தரவைக் கையில் வாங்கு. ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுக்காதே, நகல் கொடு. குவார்ட்டர்ஸில் உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேள். லீவு வருஷத்துக்கு எத்தனை நாள், யார் டிக்கெட் எடுப்பார்கள், இதெல்லாம் கேட்பது அவிசுவாசம் இல்லை.

அம்மாவிடம் ஸ்டெயின்ஸ் ஐயாவின் மனைவியைப் பற்றிச் சொல். கொன்றவர்களை மன்னித்தேன் என்று சொல்லிவிட்டு, உடனே ஊருக்குத் திரும்பிப் போய்விடாமல், அதே பாரிபதாவில் மகளோடு இருந்து அந்தத் தொழுநோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள், 2005-ல் அரசாங்கம் பத்மஸ்ரீ கொடுத்தது. அதைக் கேட்டு உன் அம்மாவின் அழுகை நிற்காது. எந்த அம்மாவுக்கும் நிற்காது. முதல் மாசம் தினமும் போன் பண்ணு, டவர் கிடைக்காத இடம் என்றால் அதை முன்கூட்டியே சொல்லி வை.

கல்லீரலைத் தாக்குகிற ஹெபடைட்டிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி மூன்று டோஸ் போட்டாச்சா? நோயாளிக்குப் போட்ட ஊசி கையில் குத்தினால் எய்ட்ஸைவிட அந்த நோய்தான் ரொம்ப சுலபமாகத் தொற்றும். மூன்றும் முடிய ஆறு மாசம் ஆகும், காலேஜில் போட்ட சீட்டு கையில் இல்லாவிட்டால் இந்த வாரமே போய் ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று பார்த்துவிடு.