வாஸ்பி பெண்கள் சமத்துவத்தை எதிர்க்கிறார்களா?

கேள்வி இது: பிரிட்டனில் பெண்களின் அரசு பென்ஷன் வயதை 60-லிருந்து ஆண்களுக்குச் சமமாக ஏற்றினார்கள். 1950-களில் பிறந்த பெண்களின் 'வாஸ்பி' (WASPI) அமைப்பினர் அதை எதிர்த்துப் பத்தாண்டாகப் போராடுகிறார்கள். சம உரிமை கேட்டவர்களே சலுகையும் கேட்பது முரண் இல்லையா?

வாஸ்பி சொல்வதை முதலில் சரியாக எடுத்துக்கொள்வோம். வயதைச் சமமாக்கியது தவறு என்று அவர்கள் சொல்லவில்லை. சமமாக்கிய விதமும், அதைச் சொல்லாமல் விட்டதும்தான் அவர்களுடைய புகார். 60-க்கே திரும்ப வேண்டும் என்று கேட்டது 'பேக் டு 60' என்ற வேறொரு குழு. செய்திகளில் இரண்டும் ஒன்றாகவே குழம்பிக் கிடக்கும். பாதிச் சண்டை அந்தக் குழப்பத்தில் வந்ததுதான்.

1940-க்கு முன்பு பிரிட்டனில் இருபாலருக்கும் 65-தான். அந்த ஆண்டுச் சட்டம்தான் பெண்களுக்கு 60 ஆக்கியது. மனைவி பெரும்பாலும் கணவனைவிட இளையவள், இருவருக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பென்ஷன் வரட்டும் என்பது ஒரு காரணம். பிராட்ஃபோர்டைச் சேர்ந்த ஃப்ளாரன்ஸ் ஒயிட் 1935-இல் திருமணமாகாத பெண்களுக்காகச் சங்கம் தொடங்கி, 55 வயதில் பென்ஷன் கேட்டுக் கிளர்ச்சி செய்தது இன்னொன்று. ஆகப் பெண்களின் பென்ஷன் வயதுக்காக அந்த நாட்டில் நடக்கும் முதல் போராட்டம்கூட இது இல்லை.

1995 சட்டம் 2010 முதல் 2020 வரை படிப்படியாக 65-க்கு ஏற்றுவதாகச் சொன்னது. பதினைந்து வருட அவகாசம். இதை அநியாயம் என்று சொல்ல முடியாது. பிறகு 2011 சட்டம் வந்தது: 65-ஐ 2018 நவம்பருக்கே முன்தள்ளி, 2020 அக்டோபருக்குள் 66 என்றது. பந்தியில் உட்கார்ந்தவர் முன்னாலிருந்து இலையை எடுத்தது இந்தச் சட்டம்தான்.

தேதி வைத்துப் பார்த்தால்தான் இது உறைக்கும்:

1953 மார்ச் 10-இல் பிறந்தவர்: 2011 சட்டம் இவரைத் தொடவில்லை. பென்ஷன் 2016 மார்ச் 6 முதல், 63 நிறைய நான்கு நாள் இருக்கும்போது.

1954 மார்ச் 10-இல் பிறந்தவர்: 1995 சட்டப்படி 2018 மார்ச் 6. 2011 சட்டத்துக்குப் பிறகு 2019 செப்டம்பர் 6.

வயதில் ஒரு வருடம் இளையவர், பென்ஷனோ மூன்றரை வருடம் பிந்தி வருகிறது. இரண்டாவது சட்டம் மட்டும் அவரிடமிருந்து எடுத்தது 18 மாதம். 2018-19-இல் முழுப் புதிய பென்ஷன் (2016 ஏப்ரல் முதல் பென்ஷன் வயதை எட்டியவர்களுக்கான திட்டம்) வாரத்துக்கு 164.35 பவுண்டு. 78 வாரத்துக்கு ஏறக்குறைய 12,800 பவுண்டு ஆகிறது. அந்தக் காலத்தில் வேலை பார்த்திருந்தால் நேஷனல் இன்சூரன்ஸ் (பென்ஷன் உரிமைக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் சந்தா) பிடித்தமும் தொடர்ந்திருக்கும். முதல் மசோதாவில் சிலருக்கு இரண்டு வருடம் வரை தள்ளிப்போயிருக்கும். எதிர்ப்பு வந்த பிறகுதான் 18 மாத உச்சவரம்பு வைத்தார்கள்.

இனி கடிதங்களின் கதை. 1995-க்குப் பிறகு துண்டறிக்கை, விளம்பரம் எல்லாம் இருந்தன. கேட்டவர்களுக்கு, பென்ஷன் எப்போது, எவ்வளவு வரும் என்ற முன்கணிப்பும் தந்தார்கள். ஆனால் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் பெயர் போட்டுக் கடிதம் அனுப்பத் தொடங்கியது 2009 ஏப்ரலில்தான். 2011-இல் புதிய மசோதா வந்ததும் அதையும் நிறுத்திவிட்டார்கள். மேலே சொன்ன 1954 பெண்ணைப் போன்றவர்களுக்குக் கடிதம் போனது 2012, 2013 வாக்கில். அதாவது 60-ஐ நெருங்கும் நேரத்தில். 60-இல் பென்ஷன் என்று நம்பி வேலையை விட்டவர்கள், அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பகுதிநேரத்துக்கு மாறியவர்கள் மாட்டிக்கொண்டது இப்படித்தான். பலர் இளவயதில் பகுதிநேர வேலையில் இருந்ததால் கம்பெனி பென்ஷன் திட்டத்தில் சேரவே முடியாமல் போனவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அரசு சொல்வது: 2006 கணக்கெடுப்பில் 45 முதல் 54 வயது வரையுள்ள பெண்களில் 90 சதவீதம் பேருக்கு விஷயம் தெரிந்திருந்தது. வாஸ்பி காட்டுவது: 2004 ஆய்வில், தன்னுடைய பென்ஷன் வயது 60-க்கு மேல் என்று தெரிந்தவர்கள் 43 சதவீதமே. இரண்டும் பொய் இல்லை. கேட்ட கேள்விதான் வேறு. 'பென்ஷன் வயது உயரப்போகிறதாமே' என்பது தெரிந்திருப்பது ஒன்று, 'எனக்கு எந்தத் தேதி' என்பது தெரிந்திருப்பது இன்னொன்று. வேலையை விடுவதற்கு இரண்டாவதுதான் வேண்டும்.

'பேக் டு 60' சீராய்வு வழக்கு, அதாவது அரசு செய்தது சட்டப்படி சரியா என்று பார்க்கும் வழக்கு, போட்டது. 2019 அக்டோபரில் உயர் நீதிமன்றத்திலும் 2020 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் தோற்றது. ஆண்களுக்கு எதிராக இருந்த பழைய பாகுபாட்டை நீக்கும் சட்டத்தைப் பெண்களுக்கு எதிரான பாகுபாடு என்று சொல்ல முடியாது என்பதே சாரம். உங்கள் கேள்வியில் உள்ள முரண் இவர்களுக்குப் பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன்.

வாஸ்பி போனது ஆம்புட்ஸ்மன் வழியில், அதாவது நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளரிடம். அந்தப் பாதையின் இயல்பைப் புரிந்துகொள்ளாமல் தொகையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. ஆம்புட்ஸ்மன் சட்டம் நியாயமா என்று பார்க்க முடியாது. பென்ஷன் துறை தன் வேலையை ஒழுங்காகச் செய்ததா என்று மட்டுமே பார்க்கலாம். ஆகவே உண்மையில் வலித்த 2011 சட்டம் தராசிலேயே ஏறவில்லை. ஏறியது 1995 சட்டத்தைப் பற்றிய கடிதத் தாமதம்: 2006 டிசம்பரிலேயே அனுப்பத் தொடங்கியிருக்க வேண்டும், 28 மாதம் பிந்தியது நிர்வாகக் குறைபாடு என்று 2021-இல் சொன்னார்கள். 2024 மார்ச் இறுதி அறிக்கை, இழந்தது பணம் அல்ல, திட்டமிடும் வாய்ப்பு என்று கணக்கிட்டு, தங்கள் இழப்பீட்டு அளவுகோலின் நான்காம் படியைப் பரிந்துரைத்தது: தலைக்கு 1,000 முதல் 2,950 பவுண்டு. 1950-களில் பிறந்த எல்லாப் பெண்களுக்கும் கொடுத்தால் 3.5 முதல் 10.5 பில்லியன் பவுண்டு. 12,800 இழந்தவர் கையில் 2,950 என்ற வேடிக்கை வந்தது இந்த வழியால்தான். அதுவும் பரிந்துரை மட்டுமே, அரசைக் கட்டுப்படுத்தாது.

2024 டிசம்பரில் அப்போதைய பென்ஷன் துறை அமைச்சர் லிஸ் கெண்டல் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார், பணம் இல்லை என்றார். 2019 தேர்தலில் 58 பில்லியன் தருவதாகச் சொன்ன அதே லேபர் கட்சி! வாஸ்பி சீராய்வு வழக்குப் போட்டது. தானாக அனுப்பப்பட்டுவந்த பென்ஷன் முன்கணிப்புக் கடிதங்களைப் பற்றிய 2007 மதிப்பீட்டு ஆவணம் ஒன்று அமைச்சர் பார்வைக்கே வரவில்லை என்பது வெளியானதும், 2025 நவம்பரில் மறுபரிசீலனைக்கு ஒப்புக்கொண்டார்கள். 2026 ஜனவரி இறுதியில் மறுபடியும் இல்லை என்றே பதில் வந்தது.

வாஸ்பியின் பலவீனம் என்று எனக்குப் படுவது வேறு இடத்தில். '1950-களில் பிறந்த அனைவருக்கும்' என்ற கோஷம் கூட்டம் சேர்க்க உதவும், நியாயம் சொல்ல உதவாது. 1950 ஜூன் 10-இல் பிறந்தவர் மூன்று மாதத்துக்கும் குறைவாகக் காத்திருந்து 2010 செப்டம்பர் 6-இல் வாங்கினார். 1954 மார்ச்காரர் ஐந்தரை வருடம். இருவருக்கும் ஒரே தொகை எப்படிச் சரியாகும்? ஆனால் ஆளாளுக்குக் கணக்குப் பார்ப்பதென்றால் 36 லட்சம் பேருக்கு மேல், யாருக்கு எப்போது என்ன தெரியும் என்று விசாரிக்க வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். 2011 சட்டம் தொட்டவர்களை மட்டும் பிறந்த தேதிப்படி பிரித்துத் தொகை வைத்திருந்தால் விசாரணையே தேவைப்பட்டிருக்காது, அட்டவணை ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. அந்தக் கோரிக்கையைக் கூர்மையாக வைத்திருக்கலாம்.

பிரிட்டனில் உங்கள் குடும்பத்தில் யாராவது இருந்தால் கவனிக்க வேண்டியவை. இழப்பீட்டுத் திட்டம் என்று ஒன்று இல்லை. 'வாஸ்பி பணம் வாங்கித் தருகிறோம்' என்று வங்கி விவரமோ முன்பணமோ கேட்பது மோசடி. அடுத்த ஏற்றம் தொடங்கிவிட்டது: 1960 ஏப்ரல் 6 முதல் பிறந்தவர்களுக்கு 66-க்கு மேல் மாதம் மாதமாகக் கூடி, 1961 மார்ச் 6 முதல் 1977 ஏப்ரல் 5 வரை பிறந்தவர்களுக்கு 67, இருபாலருக்கும். இதற்கு 2014-லேயே சட்டம் வந்துவிட்டதால் பன்னிரண்டு வருட அவகாசம் கிடைத்தது. கடிதம் வரும் என்று காத்திராமல் அரசு இணையதளத்தில் முன்கணிப்பை எடுத்துப் பாருங்கள். அதில் தேதியோடு நேஷனல் இன்சூரன்ஸ் வருடங்களும் இருக்கும். குறைந்தது 10 வருடம் இல்லாவிட்டால் புதிய பென்ஷன் ஒன்றுமே கிடையாது, முழுத் தொகைக்குப் பொதுவாக 35 வேண்டும். விடுபட்ட வருடங்களைப் பணம் கட்டி நிரப்ப நினைத்தால், கட்டுவதற்கு முன் அந்த வருடம் உண்மையில் தொகையைக் கூட்டுமா என்று துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டாத வருடத்துக்கும் பணத்தை வாங்கிக்கொள்வார்கள். ஓய்வுக்குப் பிறகு இந்தியாவிலோ இலங்கையிலோ குடியேறினால் அந்த பென்ஷன் முதலில் நிர்ணயித்த தொகையிலேயே நின்றுவிடும், வருடாந்திர உயர்வு சேராது.