கப்பற்படையும் கஜானாவும் (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

வியூக விளையாட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ‘சின்ஸ் ஆஃப் எ சோலார் எம்பயர்’ என்ற விண்வெளிப் போர்க் கணினி விளையாட்டை விளையாடத் தொடங்கினேன். இரண்டு வாரம் ஆகியும் பிடிபடவில்லை. போரைக் கவனித்தால் கிரகங்கள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. கிரகங்களைக் கவனித்துவிட்டுத் திரும்பினால் படை அழிந்திருக்கிறது. கதை என்றும் ஒன்று இல்லை. பேரரசு கட்டுவதையும் நிகழ்நேரப் போரையும் வலிந்து சேர்த்திருக்கிறார்கள், இரண்டும் ஒட்டவில்லை என்றே தோன்றுகிறது. எதையாவது தவறவிடுகிறேனா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் குறையில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். 2008-ல் அயர்ன்கிளாட் கேம்ஸ் உருவாக்கி ஸ்டார்டாக் வெளியிட்ட இவ்விளையாட்டில், தனியாக ஆடுபவருக்கென்று கதைத்தொடர் கிடையாது. பத்தாயிரம் ஆண்டுகளாக ஏதோ ஒன்றுக்கு அஞ்சி ஓடிக்கொண்டிருக்கும், விளையாட்டின் தரப்புகளில் ஒன்றான வசாரி இனத்தைப் போன்ற அருமையான கற்பனையைப் பின்னணியோடு விட்டுவிட்டார்களே என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் ஒட்டவில்லை என்ற முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒட்டியிருக்கும் இடம் கஜானா. படையின் அளவைப் பெருக்க நீங்கள் ஆராய்ச்சியில் ஒவ்வொரு படி ஏறும்போதும் வருமானத்தில் ஒரு பங்கு நிரந்தரமாகப் பிடிக்கப்படுகிறது. அந்தப் படையில் ஒரு கப்பல்கூட மிஞ்சாமல் அழிந்தாலும் அந்தப் பங்கு திரும்பி வருவதில்லை. புதிதாகக் குடியேறிய கிரகமோ, அதை மேம்படுத்தும்வரை வரவைவிடச் செலவையே தருகிறது. ஆகவே, அவசரப்பட்டுப் பெரும்படை திரட்டியவர் களத்தில் வென்றாலும் அடுத்த அரைமணி நேரத்தில் கப்பல் கட்டத் தேவையான உலோகமும் படிகமும் வாங்க வழியின்றி நிற்பார். கிரகங்களை மட்டுமே வளர்த்தவர் அவற்றை இன்னொருவருக்காக வளர்த்தவராவார். நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு போரும் அரைமணிக்கு முன் நீங்கள் செய்த செலவுக் கணக்கின் தொடர்ச்சிதான்.

இன்னொரு இணைப்பு, தூரம். கப்பல்கள் நினைத்த இடத்துக்குத் தாவுவதில்லை. கிரகத்தின் ஈர்ப்பு எல்லையின் விளிம்புவரை சென்று, இலக்கை நோக்கித் திரும்பி நின்ற பிறகே, கிரகங்களுக்கிடையே வகுக்கப்பட்ட வழித்தடத்தில் பாய முடியும். ஒருமுறை, ஆறாம் நிலைவரை அனுபவம் பெற்ற என் தலைமைக் கப்பலைக் கடைக்கோடிக் கிரகத்திலிருந்து பின்வாங்கச் சொல்லிவிட்டு, மவுஸ் சக்கரத்தை உருட்டி அதன் அருகே போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேடயம் முழுவதும் போய்விட்டது. விளிம்பை எட்டிவிட்டது, அந்தப் பெரிய உடல் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது, திரும்பி முடிக்கும் முன்பே வெடித்தது. அங்கே என் விரல் வேகத்துக்கு வேலையே இல்லை. இரண்டு கிரகம் தள்ளி நான் கட்டாமல் விட்ட பழுதுபார்க்கும் நிலையமும், தாமதமாகக் கொடுத்த ஆணையுமே அதைக் கொன்றன. அன்றுதான் இவ்விளையாட்டின் மீது எனக்கு உண்மையான மதிப்பு வந்தது.

இந்த மந்தகதி உங்களுக்கு உதவுவதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. கப்பல்கள் தாமாகவே நன்றாகச் சண்டையிடும். தலைமைக் கப்பலின் சிறப்பாற்றல்களை எப்போது பயன்படுத்துவது என்பது மட்டுமே பெரும்பாலும் உங்கள் பொறுப்பு. திரையின் இடது ஓரத்தில் உங்கள் கிரகங்களும் படைகளும் வரிசையாக நிற்கின்றன அல்லவா, அதைப் பார்த்தே ஆட்சி செய்யுங்கள். வெடிப்புகளின் அழகில் நெடுநேரம் நின்றுவிடுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை என்று நினைக்கிறேன்.

பெரிய வரைபடத்தை விட்டுவிட்டு, ஒரே எதிரி மட்டும் உள்ள சிறிய வரைபடத்தில் மீண்டும் தொடங்குங்கள். முதல் தலைமைக் கப்பலுக்கு விளையாட்டு விலை கேட்பதில்லை. விளையாட்டின் மற்றொரு தரப்பான வணிகர் கூட்டணியாக ஆடுவதாக இருந்தால் அக்கான் என்ற தலைமைக் கப்பலைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கிரகத்தைக் காக்கும் கப்பல்களை முறியடித்த கையோடு அதுவே அந்தக் கிரகத்தில் குடியேற்றமும் செய்யும். போரும் ஆட்சியும் ஒரே கப்பலில் நடப்பதை முதல் பத்து நிமிடத்திலேயே பார்த்துவிடுவீர்கள்.

அன்புடன்.